பாட்டி இருக்கும் புத்தகம்

கோலாலம்பூரை அடுத்த பூச்சோங் பெர்டானாவில் எங்கள் அடுக்குமாடி வீட்டில், விளக்கு வைத்த பிறகு, அம்மாவுக்கு ஒரு புத்தகம் படித்துக் காட்டி வருகிறேன். புத்தகம் ஆங்கிலத்தில் இருக்கிறது. அம்மாவுக்குத் தமிழும் பேச்சு மலாயும்தான் தெரியும். ஒரு வாக்கியத்தைக் கண்ணால் படித்து, மனத்துக்குள் புரட்டிப் போட்டு, தமிழில் சொல்லி, அவர் முகத்தைப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும். ஓர் இரவுக்கு இரண்டு பக்கம் நகர்ந்தால் அதிகம். அம்மாவுக்கு வயது 81. பதினான்கு வயதில் ரப்பர் மரம் சீவும் உளியைப் பிடித்தவர். அவருடைய தாய், என் பாட்டி, நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி வந்தவர். இந்தப் புத்தகம் என் பாட்டியைப் பற்றியது.

பாட்டியின் பெயர் அதில் கிடையாது. ஆனால் அவர் ஏறிய கப்பல் இருக்கிறது, அதற்குக் காத்திருந்த முகாம் இருக்கிறது, ஆள் கணக்கெடுப்புக்கு நின்ற பிரட்டுக் களம் இருக்கிறது. அருணிமா தத்தா எழுதி, 2021-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக அச்சகம் வெளியிட்ட நூல். ஆங்கிலேயர் கால மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களில் கூலிவேலை செய்த இந்தியப் பெண்களின் சமூக வரலாறு. தோட்டத்துப் பெண் என்றாலே அழுகையும் அடியும் சாராயக்காரக் கணவனும்தான் என்று நம் கதைகளும் படங்களும் நமக்குப் பழக்கியிருக்கின்றன. இந்த ஆசிரியர் அரசு ஆவணங்களையும் நீதிமன்றப் பதிவுகளையும் துருவி வேறு ஒன்றைக் காட்டுகிறார். கப்பல் ஏறுவதற்காக முகாமிலேயே ஒரு துணையைத் தேடிக்கொண்ட பெண்கள். பிடிக்காத ஆணை விட்டு அடுத்த தோட்டத்துக்குப் போனவர்கள். வீட்டுக்குள்ளிருந்தே சிறு தொழில் பார்த்தவர்கள். மனைவியை இன்னொருவன் ஆசை காட்டி அழைத்துப் போய்விட்டான் என்று ஆண்கள் தொடுத்த வழக்குகளில், கூண்டில் நின்று தம் வாயால் பேசியவர்கள். கடைசியில், 1943-இல் இந்திய தேசிய இராணுவத்தின் பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படையில் சேர்ந்து துப்பாக்கி பிடித்தவர்கள்.

இதையெல்லாம் விளக்க ஆசிரியர் ஓர் ஆங்கிலச் சொல்லைக் கையாள்கிறார்: 'ஏஜென்சி'. அதை எப்படித் தமிழில் சொல்வது என்று தெரியாமல் நான் திணறினேன். செயலாண்மை என்று ஆய்வாளர்கள் எழுதுகிறார்கள். அம்மாவிடம் போய்ச் 'செயலாண்மை' என்றால் ஏதோ அரசாங்க இலாகா என்று நினைத்துக்கொள்வார். அதனால் விளக்கமாகச் சொன்னேன். கையில் அதிகாரமும் பணமும் இல்லை, தோட்டத்தைப் புரட்டிப் போடும் பலமும் இல்லை. ஆனாலும் அந்த நேரத்துக்கு, அந்த இடத்தில், கிடைத்த சந்துக்குள் புகுந்து தனக்கென்று ஒன்றைச் சாதித்துக்கொள்வது. அடுத்த நாள் அது கைவிட்டுப் போய்விடலாம், அதனால்தான் ஆசிரியர் அதை நிலையில்லாதது என்கிறார்.

அம்மா கொஞ்சமும் யோசிக்கவில்லை. "அதான் சமாளிப்பு. அதுக்கு எதுக்கு இவ்வளவு பேச்சு? எங்கம்மா சமாளிச்சுச்சு, நான் சமாளிச்சேன்."

சமாளிப்பு. நாலு இரவாக நான் தேடிய சொல். அதில் பெருமையும் இல்லை, புலம்பலும் இல்லை. வெற்றி பெற்றேன் என்று சொல்லவில்லை, விழுந்துவிட்டேன் என்றும் சொல்லவில்லை. ஓர் ஆய்வாளர் நூற்றுக்கணக்கான பக்கங்களில் நிறுவிய கருத்து, தொழிலாளர் குடியிருந்த லயத்து வீட்டு அடுப்படியில் தேய்ந்து பளபளத்துக் கிடந்த ஒரு சொல்லாக இருந்திருக்கிறது. இதைச் சொல்வது ஆசிரியரைக் குறைப்பதற்காக அல்ல. அவர் எழுதியிருக்காவிட்டால் அம்மா அந்தச் சொல்லை எடுத்துக் கொடுத்திருக்க மாட்டார், நானும் அதன் எடையை உணர்ந்திருக்க மாட்டேன். அந்தப் புத்தகமும் அந்த அடுப்படியும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ள வழியில்லாமல் கிடப்பதுதான் என் மனக்குறை.

நூறு டாலர் அட்டை

பல்கலைக்கழக அச்சகம் என்பது நாவலும் சமையல் குறிப்பும் போடும் பதிப்பகம் போன்றதல்ல. கையெழுத்துப் படி வந்ததும் துறை அறிந்த வேறு அறிஞர்களுக்கு அனுப்புவார்கள். அவர்கள் குறை சொல்வார்கள், ஆசிரியர் திருத்துவார், மறுபடி அனுப்புவார். வருடங்கள் ஓடும். பிறகு சில நூறு படிகள் அச்சிடுவார்கள். வாங்குவது பெரும்பாலும் நூலகங்கள்தான் என்பதால் கெட்டி அட்டைப் பதிப்பின் விலை சாதாரணமாக நூறு அமெரிக்க டாலரைத் தொடும். நம் கணக்கில் அது ஒரு குடும்பத்தின் பல நாள் மளிகைச் செலவு. மெல்லிய அட்டைப் பதிப்பு பின்னால் வரும், வராமலும் போகும்.

சில சமயம் ஒரு நல்லது நடக்கும். ஹவாய் பல்கலைக்கழக அச்சகமோ மிச்சிகன் பல்கலைக்கழக அச்சகமோ போட்ட நூலைச் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழக அச்சகம் நம் வட்டாரத்துக்கென்று மறுபதிப்புச் செய்யும். அது பெட்டாலிங் ஜெயாவில் கெராக்புடாயா போன்ற கடைகளின் தட்டுக்கு வந்து சேரும். அப்படித்தான் ஆண்ட்ரூ வில்ஃபோர்டின் இரண்டு நூல்களும் எனக்குக் கிடைத்தன.

வில்ஃபோர்ட் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழக மானிடவியலாளர். 2006-இல் வந்த முதல் நூலில் பத்துமலைத் தைப்பூசத்தையும் மலேசியத் தமிழர் தம்மை எப்படிப் பார்த்துக்கொள்கிறார்கள் என்பதையும் எழுதினார். 2014-இல் வந்த இரண்டாவதன் தலைப்பைத் 'தமிழர்களும் துரத்தும் நீதியும்' என்று தமிழாக்கலாம். அந்த நூலைத் திறந்தால் நம் பக்கத்து ஊர் வருகிறது. 2006-இல் புக்கிட் ஜாலில் தோட்டத்து மக்கள், தலைமுறை தலைமுறையாக இருந்த வீடுகளை விட்டு வெளியேற்றப்படும் நிலையில் நிற்கிறார்கள். தோட்டம் கட்டிய லயத்தில், தோட்டத்துக்கு உழைத்துக்கொண்டு இருந்தவர்கள், புறம்போக்குவாசிகள் என்று வகைப்படுத்தப்படுகிறார்கள்.

பூச்சோங்கில் இருந்து புக்கிட் ஜாலிலுக்கு இரயிலில் சில நிறுத்தங்கள்தான். அந்த இரயிலே 2016-இல்தான் இங்கு வந்தது. அதற்கு முன்னால் டாமன்சாரா - பூச்சோங் நெடுஞ்சாலை, அதற்கும் முன்னால் ஈயக் குட்டைகளும் ரப்பர்த் தோட்டங்களும். கின்ராரா இன்று வீடமைப்புப் பகுதியின் பெயர், அதற்கு முன் அது தோட்டத்தின் பெயர். பதினான்காவது மைல் என்று பழையவர்கள் இன்னும் சொல்கிறார்கள், மைல்கல்லைப் பார்த்தவர்கள் குறைந்துவிட்டார்கள். பேரங்காடிக்குக் கார் நிறுத்த இடம் தேடிச் சுற்றும்போது நாம் சுற்றுவது யாரோ நிரை பிடித்து மரம் சீவிய மண். தோட்டப் பெயர் தாங்கிய தமிழ்ப்பள்ளிகளில் பிள்ளைகள் படிக்கிறார்கள், அந்தப் பெயர் எதன் பெயர் என்று பிள்ளைக்குச் சொல்ல வீட்டில் ஒரு தமிழ்ப் புத்தகம் இல்லை.

வில்ஃபோர்ட் எழுதுவது இழப்பீட்டுத் தொகையைப் பற்றி மட்டுமல்ல. சட்டப்படி கணக்குத் தீர்ந்த பிறகும் ஏன் அந்த மக்களுக்குக் கணக்குத் தீரவில்லை என்று கேட்கிறார். கோயில் இடிந்தது, பள்ளி இடம் மாறியது, இடுகாடு வேலிக்குள் போனது. பணம் கொடுத்தாகிவிட்டது என்று தாள் சொல்கிறது. இல்லை என்று ஒரு கிழவி சொல்கிறாள். அந்த 'இல்லை'யைத் தூக்கிக்கொண்டு போய் ஹவாயில் அச்சேற்றினார் ஒருவர். 2007 நவம்பர் 25-இல் கோலாலம்பூர்த் தெருக்களில் உரிமை கேட்டுத் திரண்ட இந்தியர் கூட்டத்தை அந்த 'இல்லை'யின் தொடர்ச்சியாகப் படிக்கும்போது, அன்றைய செய்தித்தாள் தராத ஒரு விளக்கம் கிடைக்கிறது.

சைக்கிளை விட்டு இறங்கியவர்

நம்மைப் பற்றிய ஆய்வு நூல்கள் புதிதல்ல. 1969-ஐயும் 1970-ஐயும் சேர்த்துப் பார்த்தால் வியப்பாக இருக்கும். கெர்னியல் சிங் சந்து, 1786 முதல் 1957 வரை மலாயாவுக்கு வந்து குடியேறிய இந்தியர்களைப் பற்றி எழுதியதைக் கேம்பிரிட்ஜ் 1969-இல் வெளியிட்டது. அடுத்த ஆண்டே, மலாயாப் பல்கலைக்கழகத்தில் வரலாறு கற்பித்த யாழ்ப்பாணத்தார் சின்னப்பா அரசரத்தினத்தின் நூலை ஆக்ஸ்ஃபோர்டும், தோட்டம் ஒன்றில் தங்கியிருந்து ஆய்வு செய்த ரவீந்திர ஜெயினின் நூலை யேலும் கொண்டுவந்தன. ஜெயின் தம் தோட்டத்தின் உண்மைப் பெயரை மறைத்து 'பால் மெலாயு' என்று பெயர் வைத்தார். பாலும் மலாயும் சேர்ந்த அந்தப் பெயரைப் பார்த்தபோது அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. 1980-இல் மைக்கேல் ஸ்டென்சனின் நூலைக் குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழக அச்சகம் போட்டது. 2013-இல் சுனில் அம்ருத், 1840-க்கும் 1940-க்கும் இடையில் வங்கக் கடலை இரு திசையிலும் கடந்தவர்கள் ஏறத்தாழ 2 கோடியே 80 இலட்சம் பேர் என்று ஹார்வர்ட் வெளியிட்ட நூலில் கணக்கிட்டார். அந்தத் தொகையில் பாட்டி ஒருவர்.

என்னை மிகவும் உலுக்கியது இவற்றைவிடச் சிறிய ஒரு வெளியீடு. 1981-இல் சிங்கப்பூரின் தென்கிழக்காசிய ஆய்வுக் கழகம் போட்டது. வில்சன் என்ற ஆய்வாளர் 1941-இல் நடந்த கிள்ளான் வேலைநிறுத்தங்களைப் பற்றி எழுதியது.

அந்த வேலைநிறுத்தத்தைப் பற்றிக் கிள்ளான்காரர்களே அதிகம் பேசுவதில்லை. இந்தியாவிலிருந்து வந்து பார்த்த சீனிவாச சாஸ்திரி 1937-இல், ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு நாட்கூலி என்ற பழைய அளவை மீட்டுத் தர வேண்டும் என்றார். போர் வந்தது, ரப்பர் விலை ஏறியது, கூலி அதற்கு ஈடாக ஏறவில்லை. 1941-இல் ஆர்.எச். நாதன் முன்னின்று கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தொழிலாளர்களைத் திரட்டினார். அவர்கள் கேட்டவற்றைப் படியுங்கள். சீனத் தொழிலாளருக்கு நிகரான கூலி. பிள்ளைகளுக்கு ஒழுங்கான பள்ளிக்கூடம். தோட்டத்துக் கள்ளுக்கடையை மூடுவது. பெண்களிடம் தகாத முறையில் நடக்கும் மேலதிகாரிகளிடமிருந்து பாதுகாப்பு. இவற்றோடு இன்னொன்று: வெள்ளைக்காரத் துரையோ கணக்கெழுதும் கிராணியோ எதிரில் வந்தால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும்.

இதைப் படித்துச் சொன்னதும் அம்மா எழுந்து உள்ளே போய்விட்டார். தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தார். "எங்கப்பா இறங்கி நடக்கும். துரை பங்களா தாண்டுற வரைக்கும் சைக்கிளைத் தள்ளிக்கிட்டே நடக்கும். பின்னாடி நான் உக்காந்திருப்பேன், என்னையும் இறக்கி விட்டுரும். ஏன் இறங்கணும்னு கேட்டா, மேடு ஏறுறதுக்கு, அப்படின்னு சொல்லும். அந்த எடத்துல மேடே கிடையாது."

அந்த வழக்கம் 1941-க்குப் பிறகும் எங்கள் தோட்டத்தில் கொஞ்ச காலம் ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது. தாத்தா மகளிடம் மறைத்த அவமானம் ஓர் ஆய்வு வெளியீட்டில் வரிசை எண்ணோடு அச்சாகியிருக்கிறது. எழுபது ஆண்டுக்கு மேலாக அம்மா சுமந்த 'இல்லாத மேட்டுக்கு' அன்று இரவு விளக்கம் கிடைத்தது. நாதனைக் கைது செய்து நாடு கடத்தினார்கள். இராணுவம் இறங்கியது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் மாண்டார்கள். அம்மாவின் அப்பா அப்போது எங்கே நின்றார் என்பதைக் கேட்க இனி ஆள் இல்லை.

லெம்பா பந்தாயில் ஒரு தட்டு

புத்ரா ஹைட்ஸில் இரயில் மாறி, யுனிவர்சிட்டி நிலையத்தில் இறங்கினால் லெம்பா பந்தாயில் மலாயாப் பல்கலைக்கழகம். அங்கே நூலகத்தில் தமிழ்த் தட்டுகளுக்கு முன்னால் நிற்கும்போதெல்லாம் எனக்கு ஒரு கதை நினைவுக்கு வரும். இங்குள்ள இந்தியர்கள் அனைவரும் நினைவில் வைத்திருக்க வேண்டிய கதை.

1950-களில் மலாயாப் பல்கலைக்கழகம் சிங்கப்பூரில் இருந்தது. இந்திய ஆய்வியல் துறை தொடங்கும் பேச்சு வந்தபோது, அங்கே முதன்மை பெறப்போவது சமஸ்கிருதமா தமிழா என்ற கேள்வி எழுந்தது. தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி விடவில்லை. 'தமிழ் எங்கள் உயிர்' என்ற பெயரில் நிதி திரட்டினார். தோட்டத்துத் தொழிலாளரும் துறைமுகத் தொழிலாளரும் கைக்காசைப் போட்டார்கள். கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள்கூடப் பல்கலைக்கழகத்தில் தமிழ் நூல்கள் இருக்க வேண்டும் என்று கொடுத்தார்கள். 1956-இல் துறை பிறந்தது. தமிழ் அதில் தன் இடத்தைப் பிடித்தது. பிறகு துறை கோலாலம்பூருக்கு வந்தது.

1961-இல் அந்தத் துறைக்குத் தலைமை ஏற்க வந்தவர் சேவியர் தனிநாயகம் அடிகள். அவர் பெயரைச் சொன்னால் மாநாடு என்று எல்லாரும் சொல்வார்கள். 1964 ஜனவரியில் தில்லியில் அனைத்துலகத் தமிழாராய்ச்சி மன்றம் உருவாகக் காரணமாக இருந்தார், 1966 ஏப்ரலில் முதல் உலகத் தமிழ் மாநாட்டைக் கோலாலம்பூரில் கூட்டினார். அன்றைய பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் திறந்து வைத்தார். ஆனால் அதே 1966-இல் அவர் அச்சிட்ட நூல்களைப் பற்றிப் பேசுவோர் குறைவு. எனக்கு மாநாட்டைவிட அவைதான் பெரிது.

ஒன்று, தமிழியல் நூல்களுக்கான வழிகாட்டி அட்டவணை. மலாயாப் பல்கலைக்கழக அச்சகமே வெளியிட்டது. தமிழைப் பற்றி உலக மொழிகளில் என்னென்ன எழுதியிருக்கிறார்கள் என்று ஆய்வு மாணவன் தேடி அலைய வேண்டாம், இதைத் திற என்று ஒரு கதவைச் செய்து கொடுத்தார். இன்னொன்று, அந்தோம் தெ புரோயன்சாவின் தமிழ் - போர்த்துகீசிய அகராதி. 1679-இல் கேரளத்து அம்பலக்காட்டில் அச்சான நூல். அதன் படி வத்திக்கான் நூலகத்தில் இருந்தது. அடிகளார் அதை எடுத்து, கோலாலம்பூரில் துறையின் வெளியீடாக மீண்டும் கொண்டுவந்தார். நினைத்துப் பாருங்கள். அம்பலக்காட்டில் அச்சாகி, ரோமாபுரியில் உறங்கி, 287 ஆண்டுகள் கழித்து லெம்பா பந்தாயில் விழித்த ஒரு தமிழ் அகராதி. மூன்றாவது, துறையில் இருந்த சிங்காரவேலு சங்க காலத் தமிழரின் சமூக வாழ்வைப் பற்றி எழுதிய ஆய்வு. மாநாட்டுக் கட்டுரைகளும் பின்னர் இரண்டு தொகுதிகளாயின.

உலகம் தமிழைப் பற்றித் தெரிந்துகொள்ளக் கோலாலம்பூரில் அச்சான புத்தகத்தைத் தேடிய காலம் ஒன்று இருந்தது. இன்று கோலாலம்பூர்த் தமிழன் தன்னைப் பற்றித் தெரிந்துகொள்ள கேம்பிரிட்ஜில் அச்சான புத்தகத்தைத் தேடுகிறான். இரண்டும் ஆங்கிலம்தான் என்று ஒருவர் சொல்லலாம், உண்மைதான். அடிகளார் ஆங்கிலத்தில் எழுதியது வெளியார் படிக்க வேண்டும் என்பதற்காக. தோட்டத்து வரலாறு ஆங்கிலத்திலேயே நின்றுவிட்டால் உள்ளே இருப்பவர் படிக்க வழியில்லை.

இலக்கியத்திலும் இதே கோணல்தான். புறநானூற்றை ஹார்ட், ஹைஃபெட்ஸ் இருவரும் மொழிபெயர்க்க, கொலம்பியா பல்கலைக்கழக அச்சகம் 1999-இல் அழகாகப் போட்டது. ஏ.கே. ராமானுஜன் குறுந்தொகையிலிருந்து தேர்ந்தவை 1967-லேயே இந்தியானா வழியாக வந்துவிட்டன. இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்திய தமிழுக்கு அந்த வாசல்கள் திறக்கின்றன. ஜப்பானியர் தொழிலாளர்களை வதைத்துப் போட்ட சயாம் மரண ரயில் பாதையைப் பற்றி ஆர். சண்முகம் எழுதிய நாவலுக்கும், அதே கொடுமையை அ. ரெங்கசாமி 'நினைவுச் சின்னம்' என்று எழுதியதற்கும் அப்படி ஒரு வாசல் திறந்து நான் பார்க்கவில்லை. கிள்ளானில் இருந்துகொண்டு நூறாண்டு மலேசியத் தமிழ்க் கவிதைகளைக் களஞ்சியமாகத் திரட்டி 1997-இல் வெளியிட்ட முரசு நெடுமாறன், ஒரு பல்கலைக்கழக அச்சகம் செய்ய வேண்டிய வேலையைத் தனி மனிதராகத் தோளில் சுமந்தார்.

தமிழிலேயே ஆய்வு எழுத முடியாது என்று யாரும் சொல்ல வேண்டாம். ஆ.இரா. வேங்கடாசலபதி ஆங்கிலத்தில் எழுதுவதைப் போலவே தமிழிலும் ஆவணங்களை அடுக்கி, படிக்கச் சுவையாக எழுதுகிறார். திருநெல்வேலி எழுச்சியையும் வ.உ.சி.யையும் பற்றிய அவருடைய தமிழ் நூல் 2024-க்கான சாகித்திய அகாதெமி விருதைப் பெற்றது. சென்னையில் 2023-இல் தொடங்கிய பன்னாட்டுப் புத்தகக் கண்காட்சி மொழிபெயர்ப்புகளுக்கு நல்கை கொடுக்க வழி செய்திருக்கிறது. அந்த முயற்சிகளை இங்கே திருப்பிப் போட வேண்டும். ஐந்தே ஐந்து நூல்கள் போதும், தொடக்கத்துக்கு. தத்தா, வில்ஃபோர்ட், அரசரத்தினம், சந்து, அந்தக் கிள்ளான் வேலைநிறுத்த வெளியீடு. உரிமை வாங்கி, நல்ல மொழிபெயர்ப்பாளருக்கு உரிய கூலி கொடுத்து, தோட்டத்தில் பிறந்த முதியவர் ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்துத் தமிழாக்க வேண்டும். திருமண மண்டபத்துக்கும் கோயில் கோபுரத்துக்கும் நம்மால் பணம் திரட்ட முடிகிறது. கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள் புத்தகத்துக்குக் கொடுத்தார்கள் என்பதை மறந்துவிட்டு நாம் முடியாது என்று சொல்லக் கூடாது.

முதியவரைப் பக்கத்தில் வைக்கச் சொல்வது மரியாதைக்காக அல்ல. அவரில்லாமல் மொழிபெயர்ப்பு பிழைபடும். ஆங்கில நூலில் வரும் 'மஸ்டர்' பிரட்டு என்று தெரிய வேண்டும். வரிசை என்று எழுதினால் தவறில்லை, ஆனால் நிரை என்றால்தான் மரம் தெரியும். ஆயாக் கொட்டகையைக் குழந்தைகள் காப்பகம் என்றால் அந்தப் புகை நாற்றமும் தொட்டில் சீலையும் காணாமல் போகும். கோட்டுப்பால், கட்டிப்பால், காண்டா வாளி, வெளிக்காட்டு வேலை: இந்தச் சொற்கள் இன்னும் சில ஆண்டுகளுக்குத்தான் உயிருள்ள வாய்களில் இருக்கும். கூலி என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். நம் மொழியில் அது உழைப்புக்குக் கிடைக்கும் பணம். ஆங்கில ஏட்டில் ஏறியபோது உழைத்த ஆளின் பெயராக மாறிவிட்டது. அதைத் தமிழுக்குத் திரும்பக் கொண்டுவரும்போது ஒவ்வோர் இடத்திலும் நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது. "கூலி வாங்குனோம். கூலின்னு எங்களைக் கூப்பிட்டது அவங்க" என்று அம்மா பிரித்துக் காட்டினார்.

போன வாரம் தத்தாவின் நூலில் நீதிமன்ற வழக்குகள் வரும் பகுதியை முடித்தோம். அம்மா கேட்ட கேள்வி: "அந்தப் பொம்பளைங்க பேரெல்லாம் எழுதியிருக்கா?" வழக்கில் வந்தவர்களின் பெயர் சிலது வருகிறது என்றேன். வழக்கு வராதவர்களை ஏடு எப்படி அறியும்? தொழிலாளர் இலாகா அறிக்கைகளில் அவர்கள் எண்ணிக்கைதான், பெண்கள் இத்தனை பேர், அவ்வளவுதான்.

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு எங்கள் லயத்தின் முதல் வீட்டிலிருந்து தொடங்கினார். ஒவ்வொரு கதவாக நின்று, யார், எந்த ஊரிலிருந்து வந்தவர், எத்தனை பிள்ளை, யார் விட்டுப் போனார், யார் திரும்பி வந்தார், யாருக்குப் பாம்பு கடித்தது. பதினொரு கதவு. நடுவில் ஒரு பெயர் நினைவுக்கு வராமல் தவித்து, அடுக்களைக்குப் போய் அரிசி ஊற வைத்துவிட்டு, அங்கிருந்தே கத்திச் சொன்னார். பதினொரு பெயர்களையும் புத்தகத்தின் பின்னட்டை உட்புறத்தில், தமிழில், பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன். முதல் பெயர் பாட்டியுடையது.